வடக்குப் பார்த்த குழி

குழிக்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார் பொன்னுலிங்கம். முதுகைத் தெற்குச் சுவரில் சாய்த்து, முகத்தை வடக்கே திருப்பி, இரண்டு முட்டுகளும் பக்கத்து மண்ணில் இடிக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார். மேலே மண்வெட்டியோடு நின்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகனுக்கு வெட்டிய குழியில் அப்பன் உட்கார்ந்து அளவு பார்ப்பதை அவர்கள் இதற்கு முன் கண்டதில்லை.

“இன்னும் நாலு விரக்கடை தாழ்த்தணும்,” என்றார் உள்ளே இருந்தபடியே. “அவன் என்னைக் காட்டிலும் ஒசரம். தலைப்பாகை வேற கெட்டணும்லா.”

“செரிப்பா, அவிய தாழ்த்துவாவ. நீங்க மேல வாங்கோ,” என்று மகள் இந்துஜா கையை நீட்டினாள். அறுபத்தெட்டு வயது மனிதரை இழுத்து ஏற்றுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. அவர் முதுகில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், மண் போன பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழிக்கு நாலடி தள்ளி அம்மை இருக்கிறாள். ‘இருக்கிறாள்’ என்றுதான் அந்த வீட்டில் சொல்வார்கள். அவர்கள் கும்பிடும் அய்யா வழியில் செத்தவரை எரிப்பதில்லை, பெட்டியில் படுக்க வைப்பதும் இல்லை. தவத்தில் இருப்பவரைப் போலக் காலை மடக்கி, வடக்குப் பார்க்க இருத்தி, நெற்றியில் திருநாமம் இட்டு மண்ணால் மூடுவார்கள். தருமயுகம் பிறக்கும்வரை அப்படியே காத்திருப்பதாக நம்பிக்கை. இப்போது ஊரில் பல வீடுகளில் ஐஸ் பெட்டி, ஆம்புலன்ஸ், அவசரம் என்று வழக்கம் தேய்ந்துவிட்டது. பொன்னுலிங்கம் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன் மனைவி தேவகனி போனபோது, யாரையும் தொடவிடாமல் குழிக்குள் தானே இறங்கி, இருத்திவிட்டு ஏறி வந்தவர் அவர்.

“படுத்துக் கெடக்கவன் முதல்ல உருளணும், பொறவு கையூணி எழும்பணும்,” என்பார், அதைப் பற்றி யாராவது வாதம் செய்தால். “இருக்கவன் அப்பிடியில்ல. விளிச்ச ஒடனே சட்டுன்னு எழும்பி நடப்பான்.”

நாலு நாளாக அவர் பேசியதெல்லாம் இதுதான். எழும்பி நடப்பான். துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார், வந்தவர்கள்தான் அழுதார்கள்.

வடக்கே எல்லையில் சண்டை தொடங்கி ஆறாம் நாள், கோட்டாற்றில் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இந்துஜா இருந்தபோது போன் வந்தது. தம்பி மேஜர் விபின், வயது முப்பத்தொன்று, பாராசூட் படை. அப்பாவின் நம்பரைக் கொடுக்காமல் அக்காவின் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறான், படுபாவி. ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தவள் டிரேயைக் கீழே வைத்துவிட்டு, ‘ஆமா சார், ஆமா சார்’ என்று எல்லாவற்றுக்கும் சொன்னாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எந்த வார்த்தையில் சொன்னாள் என்று அவளுக்கு இப்போதும் நினைவில்லை. வாழைக்குலை எடுக்க வந்திருந்த வியாபாரியை அவர் திருப்பி அனுப்பினார். “எப்ப கொண்டுவருவாவ?” என்று கேட்டார். மறுநாள் விடிந்ததும் வாழைத் தோட்டமான விளையில் இடம் பார்த்து, குழிக்குக் கயிறு பிடித்து அளந்துவிட்டார்.

ஊர் என்றால் ஊர்தான். தெரு முக்கிலிருந்து வீடுவரை பதினேழு ஃப்ளெக்ஸ் நின்றது. ஃப்ளெக்ஸ் கடை ஷிஜின் விபினோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவன். கிடைத்த பாஸ்போர்ட் படத்திலிருந்து முகத்தை வெட்டி, எந்த நாட்டுச் சிப்பாயின் உடம்பிலோ ஒட்டி, பின்னால் மூன்று போர் விமானத்தையும் ஒரு புலியையும் நிறுத்தியிருந்தான். தொப்பி நல்ல வாழையிலைப் பச்சை.

“ஏலே ஷிஜின், எனக்க தம்பிக்க தொப்பி மெரூன் கலராக்கும். அதுக்காக அவன் எவ்வளவு பாடுபட்டான் தெரியுமா ஒனக்கு?”

“கம்ப்யூட்டர்ல பச்சைதான் அக்கா கெடந்து.”

“செரி, புலி எதுக்குடே?”

“அது ஒரு கெத்துக்கு,” என்று சொல்லிவிட்டு ஷிஜின் தேம்பித் தேம்பி அழுதான். இந்துஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் பட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

பன்னிரண்டரைக்கு ராணுவ லாரி வந்தது. முற்றத்தில் பந்தலும் கூட்டமுமாகக் கால் வைக்க இடமில்லை, வீட்டு வாசலோ பெட்டி நுழையாத குறுகல். வாழைக்குலைகளைப் புகை போட்டுப் பழுக்க வைக்கும் கொட்டகையைத்தான் பொன்னுலிங்கம் கழுவித் தயாராக வைத்திருந்தார். அதற்கு நல்ல அகலமான இரட்டைக் கதவு. எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினாலும் அங்கே மட்டி வாழைப்பழ வாசம் போகாது. கொடி போர்த்திய பெட்டியை ஆறு பேர் தூக்கி வந்து பெஞ்சில் வைத்தார்கள்.

கூட வந்த கேப்டன் வடநாட்டுக்காரர், விபினைவிடச் சின்னவர். அவருக்குப் பக்கத்தில் நின்ற, நாயக் பதவியில் இருக்கும் ஸ்டெனி கடியப்பட்டணத்துக் கடற்கரைப் பையன். விபினின் கம்பெனியில் மூன்று வருஷமாக இருந்தவன், லீவில் வரும்போதெல்லாம் விபினுக்குத் துணை. இந்த வீட்டில் இரண்டு தடவை சோறு தின்றிருக்கிறான். இப்போது சவரம் செய்யாத முகத்தோடு யாரையும் பார்க்காமல் நின்றான்.

“பெட்டியத் தொறக்கச் சொல்லு மக்கா,” என்றார் பொன்னுலிங்கம். “குளிப்பாட்டணும்.”

கேப்டன் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். ஸ்டெனி அதைத் தமிழில் சொன்னான்.

“தொறக்காண்டாம்னு சொல்லுகாரு அப்பா. ஒடம்பு நல்ல நெலமையில இல்லியாம். இப்பிடியே வச்சிரலாம்னு.”

“எங்க ஆளுகளப் பெட்டியில வைக்க மாட்டோம்னு சொல்லு. அவிய செய்ய மரியாதை எல்லாம் செய்யட்டு. வெடி வைக்கட்டு, கொடி போத்தட்டு, நான் ஒண்ணும் தடுக்க மாட்டேன். ஆனா எனக்க பிள்ள இருக்கணும். அவனுக்க அம்மைய இருத்தினது நான். இவனயும் நான்தான் இருத்துவேன்.”

ஸ்டெனி மொழிபெயர்த்தான். கேப்டன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டெனி இந்துஜாவைப் பார்த்துத் தலையை லேசாக வெளியே அசைத்தான்.

கொட்டகைக்குப் பின்னால், குலை வெட்டி முடித்த வாழைகளின் நடுவே அவன் நின்றான். “அக்கா, ஒங்ககிட்ட ஒரு காரியம் பறையணும்.”

“பறயிடே.”

“சாருக்கு முட்டுக்குக் கீழ ரெண்டு காலும் இல்ல அக்கா. கண்ணிவெடி.”

வார்டில் காலில்லாதவர்களுக்கு எத்தனையோ தடவை கட்டு மாற்றியவள் இந்துஜா. சர்க்கரை, லாரி விபத்து, எல்லாம் பார்த்தவள். ஆனாலும் வாழைச்சருகின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு முதலில் தோன்றியது தம்பியின் வலி கூட இல்லை. விளிச்ச ஒடனே சட்டுன்னு எழும்பி நடப்பான் என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அப்பாவின் குரல்தான். அவரிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டால் அந்த மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு நாளைக் காலையில் எழும்புவார்? பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்றால் அவர் கேட்கமாட்டார். திறந்தால் காலை மடக்கப் போவது அவருடைய கைகள்.

“ஸ்டெனி, அப்பாக்குத் தெரியப்பிடாது,” என்றாள். “நாம ரெண்டுபேரும் சேந்து இருத்துவோம். நீ நிப்பியா?”

“நிக்கேன் அக்கா.”

பிறந்ததிலிருந்து அப்பாவிடம் அவள் இத்தனை பெரிய பொய் சொன்னதில்லை. உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, இது கெட்டுப்போவாம இருக்க மருந்து ஏத்தின ஒடம்பு. கையில பட்டா தோலு பொள்ளிரும். குளிப்பாட்டித் தீருத வரைக்கும் கையுறை போட்டுட்டுதான் தொடணும், எனக்கு இது வேலையாக்கும். நான் குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, இருத்திட்டு ஒங்கள விளிக்கேன். நீங்க வந்து நாமம் போடுங்கோ.”

பொன்னுலிங்கம் மகளின் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதில் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து எதையாவது ஒளிக்கும்போது அப்படித்தான் பார்ப்பார்.

“மெதுவா மடக்கு,” என்றார் கடைசியில். “அவனுக்கு இடத்து முட்டுல சின்னதுல பந்து வெளையாடி அடிபட்டது உண்டும். நோவும்.”

கதவைச் சாத்தியதும் கொட்டகை இருட்டியது. ஓட்டுக் கண்ணாடி வழியாக ஒரு துண்டு வெளிச்சம் பெட்டியின் மேல் விழுந்தது. கேப்டன் கொடியை மடித்து எடுத்துக்கொண்டு வாசலில் காவலாக நின்றார். ஸ்டெனி ஆணிகளைக் கழற்றினான்.

முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. புருவத்தில் ஒரு சின்னக் கீறல் மட்டும். மூக்கில் பஞ்சு, கன்னத்தில் லேசாகத் தாடி. தூங்கும்போது எப்போதும் இருக்கிற மாதிரி வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இந்துஜா வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தாள். காதுக்குப் பின்னால் வடக்கத்திய மண் இருந்தது. அதையும் துடைத்தாள்.

எட்டு வயதில் திற்பரப்புக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அருவியைப் பார்த்துப் பயந்து அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றவன் இவன். தென்னை மரத்தில் நாலடி ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுதவன். அவன் போய் விமானத்திலிருந்து குதிக்கிற படையில் சேர்ந்தால் யார்தான் நம்புவார்கள்? முதல் குதிப்பு முடிந்த அன்று போன் செய்தான். “அக்கா, குதிச்சாச்சி! கண்ணத் தொறந்துட்டுத்தான் குதிச்சேன், சத்தியமா. அப்பாட்ட சொல்லாத என்னா. ஆபீசர்மாரு ஆபீசுல இருப்பாவன்னு அவரு நெனச்சிட்டு இருக்காரு.” அவள் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து அப்பாவிடம் ஒளித்தவற்றில் அது ஒன்று.

ஸ்டெனி கீழே இருந்த கட்டுகளைப் பார்க்காமல் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தான். திடீரென்று பேசத் தொடங்கினான்.

“அடிபட்டு இருவது நிமிசம் பேசிட்டு இருந்தாரு அக்கா. வலிக்கின்னு சொல்லல்ல. ‘ஸ்டெனி, பூட்ஸு ரெம்ப இறுக்குதுடே, கழற்று’ன்னாரு. நான் என்னத்தக் கழற்ற? கால்மாட்டுல போயி இருந்து, லேசு அவுக்க மாதிரி சும்மா கைய ஆட்டினேன். ‘ஒண்ணு கழற்றியாச்சி சார்’னேன். ‘மத்தது’ன்னாரு. அதயும் கழற்றினேன். ‘ஆ, இப்ப நல்லாருக்குடே’ன்னாரு.”

இந்துஜாவின் கை நின்றுவிட்டது. “அவனுக்குத் தெரிஞ்சிருக்குமோ?”

“அதத்தான் நாலு நாளா நெனச்சிட்டு இருக்கேன். தெரிஞ்சா என்னைய எதுக்கு கழற்றச் சொல்லணும்? தெரியாட்டா, ஒரு தடவகூடக் கீழ குனிஞ்சு பாக்காம எனக்க மொகத்தயே எதுக்குப் பாத்துட்டு இருக்கணும்?”

அவள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள்.

இடுப்பை மடக்க இருவரும் படாத பாடு பட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு சாய்வுப் பலகை வைத்து, மார்பைச் சுற்றித் துணியால் கட்டி, அகலப் பலகையின் மேல் இருத்தினார்கள். புது வேட்டியை உடுத்தினாள். இருந்தான். ஆனால் முட்டுக்கு முன்னால் வேட்டி வெறுமனே பலகையில் படிந்து கிடந்தது. யார் பார்த்தாலும் தெரியும்.

போர்வையைச் சுருட்டி வைத்துப் பார்த்தாள். அது துணி மூட்டை மாதிரிதான் இருந்தது. பலகையைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு பக்கம் நழுவியும் விட்டது. கொஞ்சமாவது கனம் வேண்டும், உருண்டு நீண்டு இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் அதிகாரிகள் வந்துவிடுவார்கள் என்று கேப்டன் கதவைத் தட்டிச் சொன்னார்.

இந்துஜா பின் கதவு வழியாக வெளியே பார்த்தாள். குலை வெட்டிய வாழைகள் வரிசையாக நின்றன.

“ஸ்டெனி, வெட்டுக்கத்தி அந்த மூலையில கெடக்கு. வாழைத்தடை நல்ல வெளஞ்சதா வேண்டாம். எளசாப் பாத்து ரெண்டு துண்டம் வெட்டிட்டு வா. முழங்கை நீளம் போதும்.”

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுப் போனான். கொண்டுவந்த வாழைத்தண்டுத் துண்டுகளின் மேல்பட்டையை அவளே உரித்தாள். ஒரு பக்கத்தைச் சீவிக் கணைக்காலின் அளவுக்கு மெலிய வைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியை இறுக்கிச் சுற்றினாள். கையில் எடுத்துப் பார்த்தாள். சில்லென்று, கனமாக, பச்சைப் பிள்ளையின் உடம்பு மாதிரி இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாலு நாள் வராதது மொத்தமாக வந்தது. தம்பிக்குக் கால் செய்து கொடுக்கிற கதி வந்துவிட்டதே, அதுவும் வாழைத்தடையில், அதுவும் அப்பனை ஏமாற்ற என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஸ்டெனி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோளும் குலுங்கியது.

அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டையும் முட்டோடு சேர்த்துக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கி வைத்து வேட்டியை இழுத்து மூடினாள். இப்போது விபின் சம்மணம் போட்டு இருந்தான். சாப்பாட்டுக்கு இலை போடக் காத்திருக்கிறவன் மாதிரி இருந்தான்.

“அப்பாவ விளி,” என்றாள்.

பொன்னுலிங்கம் உள்ளே வந்து கதவருகிலேயே நின்றார். கண் இருட்டுக்குப் பழகும்வரை நின்றாரோ, இல்லை தைரியத்துக்காக நின்றாரோ தெரியாது. பிறகு வந்து மகனின் எதிரே முட்டுக் குத்தி, வெள்ளைத் துணியில் தலைப்பாகை கட்டிவிட்டார். திருநாமத்தைக் குழைத்து நெற்றியில் மூக்குத் தண்டிலிருந்து மேலே சுடர் போல இழுத்தார். கோடு நேராக வந்தது. கன்னத்தைத் தொட்டார். தோளைத் தொட்டார். கை கீழே இறங்கும்போது இந்துஜா குறுக்கே வந்து தண்ணீர்ச் செம்பை எடுத்தாள்.

“இடுப்பு நோவாம இருக்கானா மக்கா?”

“இருக்கான் அப்பா.”

“நல்லா இருத்தியிருக்கா. நல்லா இருக்கான் எனக்க பிள்ள,” என்றார். அந்த நாலு நாளில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது. இந்துஜாவுக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மூன்றரைக்குப் பலகையோடு தூக்கிப் பந்தலில் வைத்தார்கள். இருந்த கோலத்தில் ஒரு ராணுவ அதிகாரியை அந்தச் சிப்பாய்கள் யாரும் பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கொடியைத் தோளில் போர்த்தினார்கள். மெரூன் தொப்பியைப் பக்கத்தில் ஒரு தலையணையில் வைத்தார்கள்.

அப்பாவின் தங்கை முத்துக்கனி அத்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். “எனக்க ராசா, அத்தைக்க காலத் தொட்டுட்டுப் போனியே, இப்ப நான் ஒனக்க காலப் புடிக்கேனே மக்கா!” என்று குனிந்தவளை இந்துஜா அக்குளோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

“தொடப்பிடாது அத்தை. மருந்து போட்டிருக்கு.”

“காலுல என்னட்டி மருந்து?”

“எல்லாத்துலயும் போட்டிருக்கு. அங்கோடி போங்கோ.”

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. நர்ஸு வேலை பார்க்கிற திமிர் என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். சொல்லட்டும். இந்துஜா பலகையின் பக்கத்தை விட்டு நகரவில்லை.

அதிகாரிகள் ஒவ்வொருவராக மலர்வளையம் வைத்தார்கள். பெரிய பெரிய வளையங்கள், எல்லாவற்றிலும் பெயர் எழுதிய ரிப்பன். அப்போதுதான் அவள் பார்த்தாள். வேட்டியில், வலது முட்டுக்கு முன்னால், ரூபாய் அகலத்துக்கு ஈரம். வாழைத்தடையின் தண்ணீர் கட்டுத்துணியைத் தாண்டி வந்துவிட்டது. ஒரு வளையத்தை எடுத்து அதன் மேல் சாய்த்து வைத்தாள். அடுத்தவர் வந்து பேசி முடிப்பதற்குள் ஈரம் வளையத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது. இன்னொன்றை இழுத்து வைத்தாள். அக்கா பூவைச் சரி செய்கிறாள் என்று ஒரு டிவிக்காரன் அதையும் படம் எடுத்தான்.

அப்பா எதிர்ப்பக்கம் கைகூப்பி நின்றார். அவர் எங்கே பார்க்கிறார் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மூன்று முறை வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். விளையில் இருந்த காக்கை எல்லாம் எழும்பிப் பறந்தது. ஊதுகுழல் ஊதினார்கள். கேப்டன் கொடியை எடுத்து முக்கோணமாக மடித்து, தொப்பியோடு சேர்த்துப் பொன்னுலிங்கத்தின் கையில் கொடுத்து சல்யூட் அடித்தார். அவர் அதை வாங்கி முத்துக்கனி அத்தையிடம் கொடுத்தார். வளையங்களை ஒதுக்கிவிட்டுப் பலகையை ஆறு சிப்பாய்கள் தூக்கினார்கள். இந்துஜா ஈரம் இருந்த பக்கமாக ஒட்டி நடந்தாள். சேலை முந்தானை அதன் மேல் படும்படி நடந்தாள்.

குழிக்கரையில் வைத்துத் துணித் தூளியில் மெல்ல இறக்கினார்கள். முதுகு தெற்குச் சுவரில் சாய்ந்தது. முகம் வடக்கே பார்த்தது. தலைப்பாகைக்கு மேலே அளவு பார்த்த நாலு விரக்கடை மிச்சம் இருந்தது. முடிந்தது என்று அவள் மூச்சை விட்டாள்.

பொன்னுலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டார்.

“அப்பா வேண்டாம். நல்லாத்தான் இருக்கான். இறங்காண்டாம்.”

“சாய்வா இருக்கான் மக்கா. நேராக்கணும்.”

“ஸ்டெனி இறங்குவான். ஒங்களுக்கு மூட்டு வலியில்லா?”

“ஸ்டெனிக்க பிள்ளையா இவன்?” என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். இறங்கிவிட்டார்.

இந்துஜா கரையில் மண்டியிட்டுக் குனிந்தாள். அவளும் ஸ்டெனியும் தவிர மற்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள், அவர்களுக்குக் குழிக்குள் தெரியாது. பொன்னுலிங்கம் மகனின் தோளைப் பிடித்து நேராக்கினார். இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்து மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். பிறகு வேட்டியின் சுருக்கத்தை நீவிவிட்டார். முட்டிலிருந்து கீழே நீவி வந்த கை பாதியில் நின்றது.

அவர் அழுத்திப் பார்க்கவில்லை. அதற்குத் தேவையில்லை. ஐம்பது வருஷமாக வாழையை நட்டு, வெட்டி, தோளில் சுமந்தவர். ஈரம் விரலில் பட்டதும் கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்தார். இப்போது தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார், நான் என்ன சொல்வேன் என்று இந்துஜா காத்திருந்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை. மகனின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே யாரோ நேரமாச்சி என்றார்கள்.

“மக்கா,” என்றார்.

“என்னப்பா?”

“வலத்து காலுல்லா மேல வரணும். நீ மாத்தி வச்சிருக்கா.”

அவர் வேட்டிக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, உறங்குகிற பிள்ளையின் காலை எடுப்பது மாதிரி மெதுவாக எடுத்தார். இடதை உள்ளே நகர்த்தினார். வலதை அதன் மேல் வைத்தார். அவிழ்ந்து வந்த கட்டுத்துணியின் நுனியைச் செருகினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து, நனைந்த இடத்தின் மேல் போட்டு, காற்றில் பறக்காமல் ஓரத்தை அடியில் சொருகினார்.

“இப்ப செரியா இருக்கான்,” என்றார் மேலே எல்லாருக்கும் கேட்கும்படி. “மண்ணு தாருங்கோ.”

இந்துஜா முதல் கூடையை இறக்கிக் கொடுத்தாள்.